ஓணம் வருகிறதென்று முடி பழுக்காது

வீட்டு விலங்குகள் பற்றிய வாசகர் கேள்விகளுக்கு, வண்டிப்பெரியாரில் வசிக்கும் ஓய்வுபெற்ற கால்நடை மருத்துவர் பதிலளிக்கிறார்.

டாக்டர் அம்மா, எங்களிடம் மூன்று வயது ஒயர் ஃபாக்ஸ் டெரியர் இருக்கிறது. முதுகு முடியைக் கையால் பிடுங்கி எடுக்க வேண்டும் என்று நாயைக் கொடுத்தவர் சொன்னார். ஓணத்துக்குள் முடித்துவிடலாம் என்று உட்கார்ந்தால், “உயிரோடு கோழிக்கு இறகு பறிப்பதுபோல் இருக்கிறது, பாவம்” என்று மாமியார் தடுக்கிறார். நாய்க்கு வலிக்குமா? – வாசகி, தேவிகுளம்

வாயில்லாத ஜீவனுக்காகப் பேச ஒரு பெரியவர் வீட்டில் இருப்பது நாய்க்கு நல்லது. மாமியாரைப் பக்கத்தில் உட்கார வைத்துக்கொண்டே செய்யுங்கள், அம்மா.

உங்கள் நாய்க்கு முடி இரண்டு அடுக்கு. மேலே கம்பிபோல் விறைத்த முடி, அடியில் மெத்தென்ற உள்முடி. மேல்முடி ஓர் அளவுக்கு வளர்ந்ததும் வளர்ச்சி நின்று வேர்ப்பிடி தளர்ந்துவிடுகிறது. மற்ற நாய்களுக்கு அப்படித் தளர்ந்த முடி வீடெங்கும் கொட்டும். இந்த வகை நாய்களுக்குப் பெரும்பாலும் கொட்டாமல் தோலிலேயே நிற்கும். நாம் எடுப்பது அந்த முடியை மட்டும்தான். அதை எடுத்த இடத்தில் விறைப்பும் நிறமும் உள்ள புதுமுடி முளைக்கிறது.

முடி அப்படித் தளர்ந்து பழுத்துவிட்டதா என்று பார்ப்பது எளிது. தோள்களுக்கு நடுவே நான்கைந்து முடியை நுனியில் பிடித்து, அது படிந்திருக்கும் திசையிலேயே இழுத்துப் பாருங்கள். சிரமமில்லாமல் கையோடு வந்தால் நேரம் வந்துவிட்டது. தோல் சேர்ந்து எழும்பினாலோ, நாய் வெடுக்கென்று திரும்பினாலோ அன்றைக்கு விட்டுவிடுங்கள். ஓணம் வருகிறதென்று முடி பழுக்காது. பழுக்காத முடியைப் பிடுங்கினால் மாமியார் சொல்வதுதான் சரி.

முந்தின நாள் குளிப்பாட்டாதீர்கள், முடி வழுக்கும். விரலில் சாக்பீஸ் தூள் தடவிக்கொள்ளுங்கள். பணம் எண்ணுகிறவர்கள் போடும் ரப்பர் விரலுறை இன்னும் நல்லது. இடது கையால் தோலை இழுத்துப் பிடித்துக்கொண்டு, வலது கையின் கட்டைவிரலாலும் ஆள்காட்டி விரலாலும் சில முடிகளாக எடுங்கள். இதற்கென்று விற்கும் பல்கத்தி பிடிமானத்துக்குத்தான். அதன் விளிம்பு முடியை வெட்டினால் செய்த வேலை வீண். வயிறு, தொடை இடுக்கு, தொண்டைக்குக் கீழே உள்ள தோல் மென்மையானது. அங்கே கத்தரிக்கோல் போதும். நாய் சலித்துக்கொண்டால் நிறுத்திவிட்டு மறுநாள் தொடருங்கள். பாதி முதுகு மேடும் பாதி பள்ளமுமாகச் சில நாள் நாய் திரிந்தால் என்ன குறைந்துவிடும்?

ஒன்றை மட்டும் யோசியுங்கள். மேல்முடிதான் அதன் மழைக்கோட்டு. முழுவதும் எடுத்துவிட்டால் மறுபடி மூட இரண்டு மாதம்போல ஆகும். தேவிகுளத்தில் ஓணச் சமயத்தில் மழையும் குளிரும் விட்டிருக்காது. அதனால் இப்போது வாரம் ஒரு தடவை, மிக நீண்டு நிற்பவற்றை மட்டும் எடுத்து வாருங்கள். முழு வேலையை மழை ஓய்ந்தபின் வைத்துக்கொள்ளலாம். முடித்ததும் சில நாள் குளியல் வேண்டாம். முதுகில் சிவந்த கொப்புளமும் காய்ச்சலும் கண்டால் காத்திருக்காமல் மருத்துவரிடம் கொண்டுபோங்கள்.

விரலால் செய்வதில் எனக்குப் பிடித்த லாபம் வேறு. உள்முடிக்குள் புதைந்த உண்ணி கண்ணுக்குத் தப்பும், விரலுக்குத் தப்பாது. நம் பக்கத்து நாய்களை உண்ணிக் காய்ச்சல் எப்படி வாட்டுகிறது என்று பணிக்காலம் முழுக்கப் பார்த்தவள் நான்.

எங்கள் மினியேச்சர் ஷ்னாசர் நாயை நகரத்தில் ஒரு கடையில் மெஷினால் ஒட்ட வெட்டிவிட்டார்கள். முதுகு பஞ்சுபோலாகி நிறமும் வெளுத்துவிட்டது. வெயிலுக்கு நல்லது என்றார்களே? – வாசகர், கொழிஞ்சாம்பாறை

மெஷின் தளர்ந்த முடியின் தலையைத்தான் வெட்டும். வேர் உள்ளேயே நிற்பதால் புதுமுடி வரத் தாமதமாகும், உள்முடி மேலோங்கிவிடும். ஷ்னாசரின் மிளகும் உப்புமான நிறம் ஒவ்வொரு மேல்முடியிலும் பட்டை பட்டையாக இருக்கிறது. அதை வெட்டியபின் வெளிறிய அடிப்பகுதிதான் மிஞ்சும்.

வெயில் விஷயத்தில் அவர்கள் சொன்னது தவறு. நாய் உடல் சூட்டை முக்கியமாக மூச்சிரைத்துத்தான் தணிக்கிறது. ஒட்ட வெட்டினால் பாலக்காட்டு வெயில் நேராகத் தோலைச் சுடும். நெருக்கமான சீப்பால் உள்முடியை வாரி எடுங்கள், காற்று புகும். மேல்முடி வளர வளர, பழுத்ததை விரலால் எடுத்து வாருங்கள். ஒரு வருடத்துக்கு மேலும் ஆகலாம், தம்பி. கருத்தடை செய்த நாய் என்றால் பழைய விறைப்பு முழுதாகத் திரும்பாமலும் போகலாம். முதுகுத்தண்டு நெடுகக் கரும்புள்ளிப் பருக்கள் இருந்தால் பிடுங்காதீர்கள். ஷ்னாசர்களுக்கு வரும் தோல் கோளாறு அது. கிழநாய்க்கும், தொட்டாலே நடுங்கும் நாய்க்கும் மெஷின்தான் கருணை. அங்கே அழகு முக்கியமில்லை.

ஷ்னாசர் பெட்டைக்கும் எங்கள் லயத்து நாட்டு நாய்க்கும் பிறந்த நான்கு குட்டிகளுக்கும் மீசை தாடி இருக்கிறதே, எப்படி? – வாசகர், மறையூர்

நாய் முடியின் பெரும்பாலான வேறுபாடுகளை மூன்றே மரபணுக்கள் தீர்மானிக்கின்றன என்று 2009இல் வெளியான ஆய்வு காட்டியது. மீசை, தாடி, கம்பிமுடிக்குக் காரணமானது ஆர்எஸ்பிஓ2 என்ற மரபணு. அது ஓங்கு தன்மை கொண்டது. தாயிடமிருந்து ஒன்று கிடைத்தாலே போதும். குட்டிகளின் முதுகு முடி விறைப்பாக வளர்ந்தால் மேலே சொன்ன இழுப்புச் சோதனையைச் செய்து பாருங்கள். இப்போதைக்குத் தினமும் சற்று நேரம் மடியில் வைத்து, காதையும் பாதத்தையும் தொட்டுப் பழக்குங்கள். சாப்பிட்டதும் தாடியைத் துடைத்துவிடுங்கள். ஈரம் தங்கினால் புண்ணாகும்.