சீன மூலிகைப் பொட்டலத்தைக் கொடுக்கலாமா?

கேள்வி: என் கணவருக்கு வயது 58. பெருங்குடல் புற்றுநோய், மூன்றாம் நிலை. சென்ற ஆண்டு அறுவை சிகிச்சை முடிந்து, ஆக்சாலிபிளாட்டின் ஊசியும் கேப்சைடபின் மாத்திரையுமாகக் கீமோதெரபி முடிந்து இரண்டு மாதங்கள் ஆகின்றன. இன்னும் எவர்சில்வர் டம்ளரில் குளிர்ந்த நீரைத் தொட்டாலே விரல் நுனி சுரீரென்கிறது என்கிறார். நோய் திரும்பாமல் இருக்க என்று சொல்லி, சிங்கப்பூரில் இருக்கும் என் நாத்தனார் சீன மூலிகைப் பொட்டலங்களை அனுப்பியிருக்கிறார். மேலே சீன எழுத்து மட்டுமே உள்ளது. கொடுக்கலாமா? – வாசகி, செம்பூர், மும்பை.

பதில்: கொடுக்க வேண்டாம். உங்கள் நாத்தனாரின் அன்பில் குறையில்லை. ஆனால் உள்ளே என்ன இருக்கிறது என்று தெரியாத பொருளைக் கீமோதெரபியிலிருந்து மீண்டுவரும் உடலுக்குள் அனுப்பக் கூடாது.

சீனாவில் பல மருத்துவமனைகளில் அறுவை சிகிச்சைக்கும் கீமோவுக்கும் துணையாகக் கஷாயம் தருவது வழக்கம்தான். நாடியும் நாக்கும் பார்த்து, ஆளுக்கு ஏற்றபடி ஹுவாங் சி போன்ற வேர்களைச் சேர்ப்பார்கள். ஓராண்டுக்கு மேல் கஷாயம் குடித்தவர்களுக்கு நோய் திரும்புவது குறைவு என்று கூறும் ஆய்வுகளும் உண்டு. அவற்றைப் படிக்கும்போது ஒன்றைக் கவனிக்க வேண்டும்: ஓராண்டு தொடர்ந்து குடித்தவர் என்ற கணக்கில் சேர வேண்டுமானால், அந்த ஓராண்டும் அவர் உயிரோடும், பெரும்பாலும் நோய் திரும்பாமலும் இருந்திருக்க வேண்டும். நான்காம் மாதமே நோய் திரும்பிக் கஷாயத்தை நிறுத்தியவர் ‘குடிக்காதவர்’ பக்கம் போய்விடுகிறார். ஆகவே கஷாயம் காப்பாற்றியதா, நலமாக இருந்ததால் குடிக்க முடிந்ததா என்று இத்தகைய கணக்கிலிருந்து பிரித்துச் சொல்ல இயலாது.

தீங்கைப் பற்றிய சான்றோ தெளிவாகவே உள்ளது. 1990களின் தொடக்கத்தில் பெல்ஜியத்தின் பிரசெல்ஸ் நகரில் உடல் இளைக்க மருந்து உண்ட பெண்கள் பலருக்குச் சிறுநீரகம் செயலிழந்தது. பெயர் ஒத்திருந்த வேறொரு சீன மூலிகை மாறிக் கலந்திருந்ததே காரணம். அதிலிருந்த அரிஸ்டோலோகிக் அமிலம் சிறுநீர்ப் பாதையில் புற்றுநோயையும் உண்டாக்குவது பின்னர் உறுதியானது. நம் ஆடுதீண்டாப்பாளையும் ஈச்சுரமூலியும் அந்த அமிலம் கொண்ட மூலிகைக் குடும்பத்தைச் சேர்ந்தவையே என்பதால், ‘சீன மருந்து வேண்டாம், நாட்டு மருந்து தரலாம்’ என்றும் நினைத்துவிடாதீர்கள். சீனக் கஷாயங்கள் பலவற்றில் சேரும் அதிமதுரமும், தொடர்ந்து மிகுதியாக உட்கொண்டால், இரத்த அழுத்தத்தை ஏற்றிப் பொட்டாசியத்தைக் குறைக்கும்.

நோய் திரும்பாமலிருக்க ஏதேனும் செய்தே ஆக வேண்டும் என்ற உங்கள் தவிப்புக்கு நல்ல வழி ஒன்று உண்டு. கீமோ முடித்த பெருங்குடல் புற்றுநோயாளிகள் 889 பேரைக் குலுக்கல் முறையில் பிரித்து நடத்திய ஆய்வு 2025இல் வெளியானது. 3 ஆண்டுகள் பயிற்றுநரின் துணையோடு வேக நடை போன்ற உடற்பயிற்சி செய்தவர்களில், 5 ஆண்டுகள் நோயின்றி இருந்தோர் 80.3 சதவீதம், அறிவுரைப் புத்தகம் மட்டும் பெற்றவர்களில் 73.9 சதவீதம். மருத்துவரின் அனுமதியோடு, மாலையில் உங்கள் செம்பூர் டைமண்ட் கார்டன் பூங்காவில் நீங்களும் அவருடன் நடக்கத் தொடங்குங்கள். பாதமும் மரத்திருந்தால் கால் இடறக்கூடும். பிடிப்பான காலணி அவசியம். விரல் சுரீரிடுவது ஆக்சாலிபிளாட்டினால் வருவது. மருந்து நின்ற பின்னும் சில மாதம் கூடிவிட்டு, பிறகு மெல்லக் குறைவதுண்டு.

முதல் இரண்டு ஆண்டுகள் 3 முதல் 6 மாதங்களுக்கு ஒருமுறை சி.இ.ஏ. (நோய் திரும்பினால் கூடக்கூடிய ஒரு புரதம்) இரத்தப் பரிசோதனை, குறித்த இடைவெளியில் சி.டி. ஸ்கேன், அறுவை முடிந்து ஓராண்டில் கொலனோஸ்கோப்பி (குழாய்க் கேமராவால் பெருங்குடலைப் பார்ப்பது) ஆகியவற்றைத் தவறவிடாதீர்கள். ஏற்கெனவே ஓரிரு பொட்டலம் கொடுத்திருந்தால், தயங்காமல் மருத்துவரிடம் சொல்லி, சிறுநீரகத்தின் நிலையைக் காட்டும் கிரியாட்டினின் பரிசோதனையும் செய்துகொள்ளுங்கள்.