கோல்டனுக்கு எந்த அளவு ஜாக்கெட்?

கேள்வி: எங்கள் கோல்டன் ரிட்ரீவருக்கு மூன்று வயது, 31 கிலோ. என் நாத்தனார் வீடு பூவாறில், காயலுக்கு அக்கரையில். கிறிஸ்துமஸுக்கு அவனையும் படகில் கூட்டிப்போக வேண்டும். லைஃப் ஜாக்கெட் வாங்கலாம் என்று அளவெடுத்தால் ஒவ்வொரு தடவையும் ஒவ்வொரு கணக்கு வருகிறது. பேசாமல் ஒரு சைஸ் பெரிதாக வாங்கிவிடவா? முடியை மழித்துவிட்டால் சரியாகிவிடும் என்கிறார் வீட்டுக்காரர்.
- ஒரு வாசகி, கொல்லங்கோடு, குமரி மாவட்டம்

பதில்: பெரிதாக வாங்க வேண்டாம். மழிக்கவே வேண்டாம். கோல்டனுக்கு இரண்டு அடுக்கு முடி. மேல்முடி வெயிலையும் தடுக்கும். மழித்தால் சில நாய்களுக்குப் பழையபடி வளராமலே போவதும் உண்டு.

கணக்கு மாறுவதற்குக் காரணம், நீங்கள் நாயை விட்டுவிட்டு முடியை அளப்பதுதான். அவனைக் குளிப்பாட்டும் நாளில், சொட்டச் சொட்ட நிற்கும்போதே தையல் டேப்பை எடுங்கள். முன்னங்காலுக்குச் சற்றுப் பின்னால், நெஞ்சு அகலமாக இருக்கும் இடத்தில் சுற்றுங்கள். காய்ந்த பிறகு அதே இடத்தில் டேப்பை முடிக்குள் அழுத்தி இன்னொரு தடவை. எங்கள் வீட்டுக் கிழவனுக்கு இரண்டுக்கும் 2 அங்குலத்துக்கு மேல் வித்தியாசம் வந்தது. ஜாக்கெட்டின் பட்டை இந்த இரண்டு அளவுக்கும் இறுகித் தளர வேண்டும். கழுத்துச் சுற்றையும், கழுத்தடியிலிருந்து வால் தொடங்கும் இடம்வரை நீளத்தையும் குறித்துக்கொள்ளுங்கள். எத்தனை கிலோ வரை தாங்கும் என்று அட்டையில் போட்டிருப்பதையும் பாருங்கள்.

இதெல்லாம் நான் பட்டுத் தெரிந்துகொண்டது. முதலில் வாங்கியது வீட்டில் கச்சிதமாக இருந்தது. குளத்தில் இறங்கி முடி படிந்ததும் தொளதொளவென்று ஆகி, முதுகில் இருந்த ஃபோம் மெல்லச் சுழன்று வயிற்றுப் பக்கம் வந்துவிட்டது. ஃபோம் மேலே வரத் துடிக்குமா, நாய் ஒருக்களித்துக் கவிழப் பார்த்தான். இடுப்பளவு தண்ணீர்தான், பிடித்துவிட்டேன். அதன் வயிற்றுப் பட்டை இரண்டு விரல் அகலம்கூட இல்லை. அடிவயிற்றை அகலமாகத் தாங்கும் துணி உள்ளதை வாங்குங்கள். நனைந்ததும் பட்டையை ஒருமுறை இழுத்து இறுக்குங்கள். இரண்டு விரல் நுழைந்தால் போதும்.

முதுகில் கைப்பிடி அவசியம். நனைந்த கோல்டன் உள்முடியில் தண்ணீரைக் குடித்து வைத்திருப்பான். தண்ணீருக்குள் தெரியாத அந்தக் கனம், படகுக்குள் தூக்கும்போது உங்கள் கையில் தெரியும். கைப்பிடியைப் பிடித்துத் தரையிலிருந்து ஒரு சாண் தூக்கிப் பாருங்கள். நழுவினால் திருப்பி அனுப்பிவிடுங்கள். வெல்க்ரோ மட்டும் வைத்தது நீள முடியில் சிக்கும். அப்புறம் ஜாக்கெட்டைப் பார்த்தாலே கட்டிலுக்கடியில் போய்விடுவான். பிளாஸ்டிக் கிளிப் நல்லது. நிறம் ஆரஞ்சோ மஞ்சளோ, கண்ணைப் பறிக்கட்டும்.

பூவாறு உங்களுக்குத் தெரியாததல்ல. காயலுக்கும் கடலுக்கும் நடுவில் உள்ள மணல்திட்டான பொழி மழையில் உடைந்திருந்தால் காயல் தண்ணீர் கடலுக்கு இழுக்கும் இழுப்பில் எந்த ஜாக்கெட்டும் அவனைத் திருப்பிக்கொண்டு வராது. படகுக்காரரிடம் முதலில் அதைக் கேளுங்கள். பெல்ட்டைக் கையில் வைத்துக்கொள்ளுங்கள், படகில் கட்டிவிடாதீர்கள். கவிழ்ந்தால் படகோடு அவனும் போவான்.

ஏறுவதற்குச் சற்று முன்பு மாட்டினால் போதும். அந்த முடியோடு ஜாக்கெட்டும் சேர்ந்தால் நம் ஊர் உக்கிரத்தில் வெந்துபோவான். நாய்க்கு மூச்சிரைப்பதுதான் வியர்வை. அக்கரை சேர்ந்ததும் கழற்றி, நனைந்திருந்தால் நல்ல தண்ணீரில் அலசி, அக்குளையும் வயிற்றையும் துவட்டுங்கள். ஈரத்தோடு விட்டால் முடிக்கடியில் தோல் சிவந்து புண்ணாகும்.

கழற்றிய நிமிஷமே உடம்பை உதறுவான். நாத்தனாரைப் புதுப்புடவையோடு கொஞ்சம் எட்டியே நிற்கச் சொல்லுங்கள்.