ஜல்லியில் கிடந்த நீலக்கல்: வாசகர் கேள்வி–பதில்

கேள்வி: வீட்டு வேலைக்கு இறக்கிய கருங்கல் ஜல்லியில் கொட்டைப்பாக்கு அளவுக்கு நீலநிறக் கல் ஒன்று கிடைத்தது. கத்தியால் கீறிப் பார்த்தால் கோடு விழவில்லை. நீலக்கல்தான் என்கிறார் பக்கத்து வீட்டுக்காரர். சஃபிரின் என்ற அபூர்வமான நீலக் கனிமமாக இருக்கலாம் என்கிறான் மகன். ஆய்வகம் போகாமல் கண்டுபிடிக்க முடியுமா?
– வாசகர், காரைக்குடி

பதில்: பெருமளவு முடியும். ஆனால் நிறத்தைக் கடைசியாகப் பாருங்கள், ஏமாற்றுவது அதுதான். கத்தி சொன்னதும் அதிகமில்லை: 1 முதல் 10 வரை போகும் மோஸ் அளவில் கல்லின் கடினம் சுமார் 5.5-க்கு மேல், அவ்வளவே. நீலம் பாய்ந்த வெங்கச்சங்கல் (குவார்ட்ஸ்), கார்டியரைட், சஃபிரின், குருந்தம் (நீலக்கல்லின் கனிமப் பெயர்) எல்லாமே அதில் தேறிவிடும். கயனைட் என்ற இன்னொரு நீலக் கனிமம் மட்டும் விசித்திரம்: நீளவாட்டில் கீறினால் கோடு விழும், குறுக்கே கீறினால் விழாது. பட்டை பட்டையாகப் பிளக்கும் வடிவமும் அதைக் காட்டிக்கொடுக்கும்.

அடுத்தது நீரில் எடை. நகை ஆசாரி வைத்திருக்கும், 0.01 கிராம் வரை காட்டும் டிஜிட்டல் தராசு வேண்டும். முதலில் கல்லை உலர்த்தி நிறுத்து எழுதிக்கொள்ளுங்கள். பிறகு தராசில் ஒரு டம்ளர் தண்ணீரை வைத்து எண்ணைப் பூஜ்யமாக்குங்கள். கல்லை மெல்லிய நைலான் நூலில் கட்டி, முழுக்க மூழ்கும்படி, அடியிலும் பக்கத்திலும் படாமல் பிடியுங்கள். இப்போது தராசு காட்டும் எண்ணால் முதல் எடையை வகுத்தால் அடர்த்தி எண் கிடைக்கும். உலர்ந்த எடை 5.20 கிராம் என்று வைத்துக்கொள்வோம். தண்ணீரில் 2.00 காட்டினால் 2.6: கார்டியரைட் அல்லது வெங்கச்சங்கல். 1.50 காட்டினால் 3.47: சஃபிரினுக்குப் பொருந்தும். 1.30 என்றால் 4.0: குருந்தம், அதாவது உங்கள் பக்கத்து வீட்டுக்காரர் சொன்ன நீலம்.

கணக்கு தப்புவது பெரும்பாலும் இரண்டு இடங்களில். வெடிப்புகளில் காற்றுக்குமிழி தங்கினால் அடர்த்தி குறைந்து காட்டும். தண்ணீரில் ஒரு சொட்டு ஷாம்பு விட்டு, கல்லை ஆட்டிக் குமிழியைப் போக்குங்கள். கல்லோடு வேறு பாறைத் துண்டு ஒட்டியிருந்தால் வருவது இரண்டுக்கும் நடுவான எண். அதை நம்பக் கூடாது. கால் கிராமுக்குக் குறைந்த சில்லுக்கு இந்தச் சோதனையே வேண்டாம்.

2.6 வந்தால்தான் சுவாரசியம். வெங்கச்சங்கல் 2.65, கார்டியரைட்டும் அதை ஒட்டியே. எடை இவற்றைப் பிரிக்காது. 'புளூ மெட்டல்' ஜல்லியாக உடைபடும் சார்னோகைட் பாறையில் நீலச்சாயல் வெங்கச்சங்கல் சாதாரணம். பிரிக்க வெயில் போதும். வெளிச்சம் ஊடுருவும் விளிம்பைக் கண்ணுக்கும் வானத்துக்கும் நடுவே பிடித்து, மூன்று திசையிலும் திருப்புங்கள். ஒரு பக்கம் ஊதா நீலமும் மறுபக்கம் வெளிர் மஞ்சளோ நிறமின்மையோ தெரிந்தால் கார்டியரைட். நகைக்கடையில் அயோலைட் என்று விற்பது இதன் தெளிந்த வகை. கரூர், காங்கேயம் பக்கம் கிடைப்பது. வெங்கச்சங்கல் இப்படி மாறாது. மெல்லிய சில்லு என்றால் கைபேசியில் வெள்ளைத் திரை வைத்து அதன் மேல் சுழற்றுங்கள். பெரும்பாலான திரைகளின் ஒளி ஒரே தளத்தில் அதிர்வதால் நிறமாற்றம் பளிச்சென்று தெரியும். கார்டியரைட்டின் வெடிப்புகளில் பச்சை கலந்த மங்கலான மைக்காப் பூச்சும் படிந்திருக்கும். வெங்கச்சங்கல் அப்படிச் சிதையாது.

3.4-க்கு மேல் வந்தால் ஒட்டியிருக்கும் பாறையைப் பாருங்கள். வெங்கச்சங்கல்லும் குருந்தமும் தொட்டுக்கொண்டிருப்பது மிக அரிது. சஃபிரினும் வெங்கச்சங்கல்லும் தொட்டுக்கொண்டிருக்க வேண்டுமானால் பாறை ஏறத்தாழ 1000 டிகிரி செல்சியஸ் வெப்பத்தைக் கண்டிருக்க வேண்டும். லாரிக்காரரிடம் எந்தக் குவாரி என்று கேட்டு எழுதி வையுங்கள். இடம் தெரியாத கல்லுக்குப் பாதி மதிப்புதான்.

கேள்வி: கல்லைத் தேய்த்து, விழும் பொடியின் நிறம் பார்க்க உடைந்த ஆத்தங்குடிக் கல் போதுமா?
– வாசகி, கானாடுகாத்தான்

பதில்: போதாது. அது சூளையில் சுடாத சிமெண்டுக் கல். தேய்த்தால் வருவது சிமெண்டுப் பொடி. பீங்கான் கோப்பையின் அடியில் மெருகில்லாத வளையம் இருக்கும், அதில் தேயுங்கள். ஆனால் மேலே சொன்ன கற்கள் பீங்கானையே கீறக்கூடியவை, நிறப்பொடி தராதவை. நீலப்பொடி விழுந்தால் அசூரைட் போன்ற மென்மையான செம்புக் கனிமமாக இருக்கலாம். இந்தக் கேள்வியே அத்துடன் முடிந்தது.

கேள்வி: சஃபிரின் தேடக் குன்றக்குடி, திருமயம் குன்றுகளுக்குப் போகலாமா?
– வாசகர், தேவகோட்டை

பதில்: கோயிலும் கோட்டையும் உள்ள குன்றுகளில் சுத்தியலைத் தூக்காதீர்கள். காரைக்குடியைச் சுற்றியுள்ள செம்புறாங்கல்லிலும் அது கிடைக்காது. தமிழ்நாட்டில் சஃபிரின் பதிவானவற்றில் பழனி மலையடிவாரத்துக் கெங்குவார்பட்டி பெயர்பெற்றது. அங்கும் அது பெரும்பாலும் கார்டியரைட்டோடும் பைராக்சீன் என்ற பழுப்புக் கனிமத்தோடும் பின்னிய நுண்மணிகளாகவே இருக்கும். 10 மடங்கு லென்ஸில் நீலப்புள்ளி தெரிந்தாலும் முடிவு சொல்ல 0.03 மில்லிமீட்டர் தடிமனுக்குத் தேய்த்த சீவலை நுண்ணோக்கியில் பார்க்க வேண்டும். வனத்துறை நிலமா என்று முதலில் விசாரித்துக்கொள்ளுங்கள்.