கோட்டோரம் நின்று பார்க்கும் கால்பந்து

கேள்வி: ஐரோப்பிய லீக் ஆட்டங்களை ராத்திரி கண் விழித்து டிவியில் பார்க்கிறவன் நான். இங்கிலாந்தில் சிலர் வாராவாரம் ஒரு புது மைதானத்துக்குப் போய் மேட்ச் பார்ப்பதையே பொழுதுபோக்காக வைத்திருக்கிறார்களாமே. வட சென்னையில் இருந்துகொண்டு அப்படிச் செய்ய முடியுமா? எங்கே ஆரம்பிப்பது?
– பெரம்பூர் வாசகர்

பதில்: தாராளமாக முடியும். அங்கே அதற்கு கிரவுண்ட்ஹாப்பிங் என்று பெயர். மேல் நான்கு டிவிஷன்களில் ஆடும் 92 அணிகளின் மைதானங்களையும் பார்த்து முடித்தவர்களுக்காக 1978லேயே ஒரு கிளப் தொடங்கிவிட்டார்கள். அதோடு நிற்காமல் சின்ன ஊர் அணி, ஆலைத் தொழிலாளர் அணி என்று தேடித் தேடிப் போகிறவர்களும் உண்டு. எனக்குப் பிடித்தது இந்த ரெண்டாவது கூட்டம்தான், ஏனென்றால் நம்மிடம் நிறைய இருப்பது அந்த மாதிரி ஆட்டங்கள்தான்.

நீங்கள் பெரம்பூர்க்காரர் என்பதால் ரொம்ப தூரம் போகவே வேண்டாம். ஞாயிற்றுக்கிழமை காலையில் மின்சார ரயில் ஏறி அடுத்த ஸ்டேஷனான வியாசர்பாடி ஜீவாவில் இறங்கி, முல்லை நகர் மைதானம் எது என்று யாரைக் கேட்டாலும் வழி சொல்வார்கள். வியாசர்பாடியைக் குட்டி பிரேசில் என்று சும்மா சொல்லவில்லை. 2017-18 சீசனில் ஐஎஸ்எல் (இந்தியன் சூப்பர் லீக்) கோப்பையை வென்ற சென்னையின் எஃப்சி அணியில் இருந்த தனபால் கணேஷ் இந்த ஏரியாப் பையன்தான். அவரைப் பார்த்து வளர்ந்த பிள்ளைகள் இப்போது அதே மண்ணில் ஆடுகிறார்கள், அதை டிவியில் எந்தச் சேனலிலும் காட்ட மாட்டார்கள்.

அப்புறம் ரயில் பெட்டித் தொழிற்சாலை இருக்கிற ஐசிஎஃப் பக்கம் போங்கள். சென்னை கால்பந்து சங்கம் நடத்தும் லீக்கில் சீனியர் டிவிஷனும் அதற்குக் கீழே பல டிவிஷன்களும் இருக்கின்றன. ஐசிஎஃப், தெற்கு ரயில்வே, இந்தியன் வங்கி மாதிரி ஆபீஸ் அணிகளின் ஆட்டத்தைப் பார்க்கும்போது ஒரு விஷயத்தை மனதில் வைத்துக்கொள்ளுங்கள். விளையாட்டு ஒதுக்கீட்டில் வேலை என்பது நம் பக்கத்து வீடுகளில் எவ்வளவு பெரிய விஷயம் என்று உங்களுக்கே தெரியும். சாயங்கால வெயிலில் இருபது பேர் பார்க்க ஆடுகிற பையன் ஒருவனுக்கு, அன்றைக்கு நன்றாக ஆடினால் ஒரு பெரிய அணியின் கோச் கண்ணில் படலாம், அந்த வழியாகக் குடும்பத்துக்கே ஒரு நிரந்தரச் சம்பளம் வரலாம். இது தெரிந்து பார்த்தால் ஒரு சாதாரண த்ரோ-இன் கூடச் சாதாரணமாகத் தெரியாது.

மேட்ச் எப்போது என்று இணையத்தில் தேடி உட்கார்ந்திருக்காதீர்கள், பாதி ஆட்டங்கள் அதில் வரவே வராது. தெருமுனை ஃபிளெக்ஸைப் பாருங்கள். மறைந்த ஆட்டக்காரர் பெயரில் நடக்கும் நினைவுக் கோப்பைகள் கோடை லீவிலும் பொங்கலை ஒட்டியும் நிறைய வரும், பெரும்பாலும் தோற்றால் வெளியேறும் நாக் அவுட், அணிக்கு ஏழு பேர் ஆடும் செவன்ஸ் அல்லது ஐந்து பேர் ஆடும் ஃபைவ்ஸ். ஒரு ஆட்டத்துக்குப் போனீர்கள் என்றால் அங்கே நிற்கிற அண்ணன்களிடம் அடுத்தது எங்கே என்று கேளுங்கள், வாட்ஸ்அப்பில் ஆட்ட அட்டவணையையே அனுப்பிவிடுவார்கள். தண்டையார்பேட்டை, திருவொற்றியூர் பக்கம் என்றால் 2021ல் விம்கோ நகர் வரை நீண்ட மெட்ரோ இருக்கிறது, போய்வருவது சுலபம்.

கேள்வி: கால்பந்து எனக்கு உயிர். ஆனால் ஒரு பெண் தனியாக இந்த மைதானங்களுக்குப் போய் நின்றால் எப்படிப் பார்ப்பார்கள் என்று தயக்கமாக இருக்கிறது.
– காசிமேடு கல்லூரி மாணவி

பதில்: உங்கள் தயக்கம் நியாயமானது, அது வீண் பயம் என்று நான் சொல்ல மாட்டேன். காலை ஆட்டங்களில் ஆரம்பியுங்கள், சின்னப் பிள்ளைகளின் மேட்ச் நடக்கும் நேரமாக இருந்தால் அம்மாக்கள், அக்காக்கள் எல்லாம் வந்திருப்பார்கள். வியாசர்பாடியில் பெண் பிள்ளைகளும் பயிற்சி எடுக்கிறார்கள், அந்த நேரத்தை விசாரித்துக்கொண்டு போவது இன்னும் நல்லது. முதல் தடவை ஒரு தோழியோடு போங்கள். நடத்துகிறவர்கள் மேஜை போட்டு உட்கார்ந்திருப்பார்கள் அல்லவா, அங்கே போய் ‘மேட்ச் பார்க்க வந்தேன் அண்ணா’ என்று ஒரு வார்த்தை சொல்லிவிடுங்கள். பெரும்பாலும் நாற்காலி எடுத்துப் போடுவார்கள். யாராவது மரியாதைக் குறைவாகப் பேசினால் சகித்துக்கொண்டு நிற்க வேண்டியதில்லை, அதே மேஜையில் சொல்லுங்கள். இந்த மைதானங்கள் உங்களுக்கும் சொந்தம்.

கேள்வி: பேர் தெரியாத பையன்கள் புழுதியில் ஆடும் கீழ் டிவிஷன் ஆட்டத்தில் பார்க்க அப்படி என்னதான் இருக்கிறது?
– தண்டையார்பேட்டை, ஓய்வுபெற்ற வாசகர்

பதில்: ஐயா, கோட்டுக்கு ஒரு அடி தள்ளி நின்று பாருங்கள். டிவியில் ஆட்டக்காரர்கள் பேசுவது கேட்காது. இங்கே பின்னால் ஆள் வருகிறான் என்று எச்சரிக்க ‘மேன் ஆன், மேன் ஆன்’ என்று ஸ்டாப்பர், அதாவது நடுத் தடுப்பாட்டக்காரர், கத்துவது, பந்தை வாங்கியவன் மூச்சு வாங்குவது, சுண்ணாம்புக் கோடு கால் பட்டுக் கலைவது எல்லாம் கைக்கெட்டும் தூரத்தில் நடக்கும். நான் பார்த்த ஒரு ஆட்டத்தில் ஒரு அணிக்கு எட்டுப் பேர்தான் வந்திருந்தார்கள். விதிப்படி ஏழு பேர் இருந்தாலே ஆட்டத்தைத் தொடங்கலாம் என்பதால் ரெஃப்ரி விசில் ஊதிவிட்டார். ஆஃப் டைமுக்குக் கொஞ்சம் முன்னால் ஒரு பையன் வேலை செய்யும் கடையின் சட்டையோடு பைக்கில் வந்து இறங்கி, சுவரோரம் நின்று ஜெர்சி மாற்றி, ஒரு ஸ்டாக்கிங்ஸ் கிழிந்திருந்ததை ரப்பர் பேண்ட் போட்டு இறுக்கிக்கொண்டு, ரெஃப்ரி கை காட்டும் வரை கோட்டில் துடித்துக்கொண்டு நின்றான். அவர்கள் தோற்றார்கள். ஆனாலும் கடைசி நிமிஷம் வரை அவன் ஓடியதைப் பார்த்துவிட்டு நான் கை தட்டிய மாதிரி எந்தப் பெரிய ஸ்டேடியத்திலும் தட்டியதில்லை.

ஒன்றே ஒன்று கேட்டுக்கொள்கிறேன். ஆஃப் டைமில் கிளம்பிவிடாதீர்கள். அப்புறம், லைன்ஸ்மேன் ஓடும் வழியில் நிற்க வேண்டாம், பிள்ளைகளைப் படம் எடுப்பதற்கு முன் அவர்களின் கோச்சிடம் கேட்டுக்கொள்ளுங்கள்.

கேள்வி: மழைக்காலத்தில் ஆட்டம் நடக்குமா?
– கொடுங்கையூர் வாசகர்

பதில்: அக்டோபரிலிருந்து டிசம்பர் வரை நம்ப முடியாது. மண் மைதானங்களில் தண்ணீர் நின்றால் வடிய நாளாகும், ஆட்டத்தைத் தள்ளி வைத்துவிடுவார்கள். கிளம்புவதற்கு முன் ஒரு போன் போட்டுக் கேட்டுவிடுங்கள், ஈரம் இருந்தால் பழைய செருப்பு போட்டுக்கொண்டு போங்கள்.