பொடி எழுத்து யாருக்காக?

கேள்வி: நாளிதழ் இணைப்பில் ஒரு குழந்தையின்மை சிகிச்சை மையம் பற்றி முழுப் பக்கக் கட்டுரை வந்திருந்தது. மூலையில் 'விளம்பரதாரர் பகுதி' என்றும் போட்டிருந்தார்கள். சொல்லிவிட்டுத்தானே போடுகிறார்கள்? பத்திரிகைகளும் பிழைக்க வேண்டாமா? — வாசகர், தஞ்சாவூர்.

பதில்: சொல்லிவிட்டுத்தான் போடுகிறார்கள். தலைப்பைப் பக்கத்தை அடைத்துக்கொண்டும், அந்த இரண்டு சொற்களை எறும்பு ஊர்ந்தாற்போலவும் போடுகிறார்கள்.

அந்த மையத்துக்கு விளம்பரம்தான் வேண்டுமென்றால் கட்டம் கட்டி, டாக்டர் படத்தைப் பெரிதாகப் போட்டுக்கொள்ளலாமே. செய்தியின் எழுத்துருவில், நிருபர் கேட்க டாக்டர் பதில் சொல்வதுபோல ஏன் வேண்டும்? விளம்பரம் என்று உங்களுக்குத் தோன்றக்கூடாது. பணம் கொடுப்பதே அதற்குத்தான். உங்கள் கண்ணில் பட்டுவிட்டால் சரக்கு விலைபோகாது. அந்தப் பொடி எழுத்து உங்களுக்காக அச்சானதில்லை ஐயா, நாளை வழக்கு வந்தால் வக்கீல் எடுத்துக் காட்டுவதற்காக.

அதுகூட இல்லாமல் நடந்த கூத்து உண்டு. 2009 மகாராஷ்டிரச் சட்டமன்றத் தேர்தலின்போது, அன்றைய முதல்வர் அசோக் சவானைப் புகழும் ஒரே கட்டுரை, போட்டிப் பத்திரிகைகள் மூன்றில் வரி பிசகாமல் வந்தது. பத்திரிகையாளர் பி. சாய்நாத் அதை வெளியே கொண்டுவந்தார். தேர்தல் செலவுக் கணக்கில் நாளிதழ் விளம்பரத்துக்குச் சவான் காட்டிய தொகை 5,379 ரூபாய்! பணம் கொடுக்கவில்லை என்றார் அவர். விவகாரம் 2014 வரை இழுத்தது. கணக்கைச் சரியாகக் காட்டவில்லை என்று தேர்தல் ஆணையம் அவருக்கு எதிராகப் பிறப்பித்த உத்தரவை டெல்லி உயர் நீதிமன்றம் ரத்து செய்துவிட்டது. உத்தரப் பிரதேசச் சட்டமன்ற உறுப்பினராக இருந்த உம்லேஷ் யாதவுக்கு அந்த அதிர்ஷ்டம் இல்லை. காசு கொடுத்து வரவழைத்த செய்தியின் செலவைக் கணக்கில் காட்டாததற்காக, 2011-இல் ஆணையம் அவரை மூன்று ஆண்டுகளுக்குத் தகுதிநீக்கம் செய்தது.

கொடுத்தவர் பதவி இழந்தார். வாங்கியவர்கள்? பத்திரிகைகளைக் கண்காணிக்கும் பிரஸ் கவுன்சில், இந்தக் காசுச் செய்திகளை விசாரிக்க அமைத்த இரண்டு பேர் குழு, பத்திரிகைகளின் பெயரோடு 71 பக்க அறிக்கை கொடுத்தது. 2010-இல் கவுன்சில் அதை முடக்கி, பெயர்களை உதிர்த்த சுருக்கத்தை மட்டும் வெளியிட்டது. முழு அறிக்கை வெளியே வர, மத்தியத் தகவல் ஆணையம் உத்தரவிட வேண்டியிருந்தது. ஊரார் கணக்கையெல்லாம் கேட்கிற தொழில் இது!

பிழைப்புக்கு வருகிறேன். நீங்கள் கொடுக்கும் விலை காகிதத்துக்கே காணாது. விளம்பரம் இல்லாமல் பத்திரிகை நடத்துவது பெரும்பாலோரால் முடியாது. நானும் விளம்பரம் வாங்குகிறேன். என் பத்திரிகையின் பின்னட்டையில் நகைக்கடை இருக்கிறது, அது விளம்பரம் என்று உங்கள் பேரனுக்கும் தெரியும். என்னைக் கேட்க வேண்டிய கேள்வி வேறு. அந்தச் சிகிச்சை மையத்தில் பணம் கட்டி ஏமாந்ததாக ஒரு தம்பதி புகாரோடு வந்தால், முழுப் பக்கம் வாங்கிய நாளிதழ் எழுதுமா? எழுதாமல் விட்ட செய்தியின் மூலையில் 'விளம்பரதாரர் பகுதி' என்று போட முடியாது. உங்களுக்குத் தெரியவே வராது. அந்த நகைக்கடையில் வருமான வரிச் சோதனை நடந்தால் நான் எழுதுவேனா என்று கேளுங்கள். எழுதுவேன். பின்னட்டைக்கு வேறு ஆள் தேடிக்கொள்கிறேன்.