தணலாகும் சைலன்சர்: வீட்டில் கட்டும் விமானங்களில் ரோட்டரி எஞ்சின் பற்றிய கேள்வி பதில்

வாளையாற்றுக்கு இருபுறமும் சிறு விமானம் கட்டும் ஆர்வமுள்ள நண்பர்கள் சிலர் கேட்ட கேள்விகளுக்கு இங்கே பதில் எழுதுகிறேன். கஞ்சிக்கோட்டில் 22 ஆண்டுகள் உயர்வெப்பக் குழாய்களைப் பற்றவைக்கும் (வெல்டிங்) வேலை செய்தவன் நான். இப்போது கொழிஞ்சாம்பாறை அருகே ஒரு தென்னந்தோப்புக் கொட்டகையில், பிஸ்டனுக்குப் பதிலாக முக்கோண ரோட்டர்கள் இரண்டு சுழலும் மஸ்டா 13பி என்ற கார் எஞ்சின் ஒன்றைப் புரொப்பெல்லருடன் சோதனை மேடையில் ஓட்டிப் பார்த்துக்கொண்டிருக்கிறோம். எங்கள் எஞ்சின் இன்னும் தரையை விட்டு எழவில்லை, டி.ஜி.சி.ஏ. (இந்திய சிவில் விமானப் போக்குவரத்து இயக்குநரகம்) அனுமதி பெறாமல் எழவும் கூடாது. சைலன்சர் சூட்டைப் பற்றி நான் சொல்வதெல்லாம் இந்தத் தரைச் சோதனையிலும் பட்டறையிலும் கற்றுக்கொண்டவை.

கேள்வி (சித்தூர், பாலக்காடு மாவட்டம்): ஐயா, பிஸ்டன் எஞ்சினில் ஆண்டுக்கணக்கில் உழைக்கும் அதே புகைக்குழாய், ரோட்டரி எஞ்சினில் சில மணி நேரத்திலேயே வெடித்துவிடுகிறது. அப்படி என்ன வேறுபாடு?

பதில்: பிஸ்டன் எஞ்சினில் புகை வால்வு படிப்படியாகத் திறக்கும். 13பி எஞ்சினில் வால்வே கிடையாது. ரோட்டரின் முனை, சுற்றுச்சுவரில் உள்ள துளையைக் கடந்த அந்த நொடியிலேயே வழி முழுதாகத் திறந்துவிடுவதால், எரிந்த வாயு ஒரே மூச்சில் அறைந்துகொண்டு வெளியேறுகிறது. அதோடு, ரோட்டரியின் எரிகலன் நீண்டு மெலிந்திருப்பதால் தீ அதன் ஓரங்களை எட்டுவதற்குள் துளை திறந்துவிடுகிறது. எரியாமல் எஞ்சிய பெட்ரோல் குழாய்க்குள் வந்து எரிகிறது. இதனால்தான் பிஸ்டன் எஞ்சினில் 700 முதல் 800 டிகிரி செல்சியஸ் வரை இருக்கும் புகைவாயு, இதில் 900 டிகிரியைத் தாண்டி 1,000 டிகிரியை நெருங்குகிறது.

இதன்மேல் துடிப்பும் சேர்கிறது. ஷாஃப்ட் ஒரு சுற்றுச் சுற்றும்போது ஒவ்வொரு ரோட்டரும் ஒருமுறை வாயுவை வெளியேற்றுகிறது. ஆகவே 6,000 ஆர்.பி.எம்மில் இரு ரோட்டர் எஞ்சினின் சைலன்சர் நொடிக்கு 200 அடி வாங்குகிறது. சிவக்கக் காய்ந்த தகட்டை நொடிக்கு 200 முறை சுத்தியலால் தட்டினால் அது எவ்வளவு நேரம் தாங்கும் என்று எண்ணிப் பாருங்கள். காரில் இந்த எஞ்சின் பெரும்பாலான நேரம் அரைகுறைச் சுமையில்தான் ஓடும். விமானத்திலோ முழுச் சக்தியின் முக்கால் பங்கை மணிக்கணக்கில் விடாமல் தர வேண்டியிருக்கிறது. கார் சைலன்சரை அப்படியே எடுத்து விமானத்தில் மாட்டக்கூடாது என்று நான் வற்புறுத்துவதற்கு இதுவே முதல் காரணம்.

கேள்வி (பொள்ளாச்சி): ஐயா, எங்கள் எஞ்சின் ஆறு மணி நேரம் நன்றாக ஓடியது. பிறகு திடீரென்று 4,800 ஆர்.பி.எம்முக்கு மேல் ஏற மறுக்கிறது. பெட்ரோல், பிளக், காயில் அனைத்தையும் பார்த்துவிட்டோம். சைலன்சர் வெளியே பார்க்க நன்றாகத்தான் இருக்கிறது.

பதில்: அந்தச் சைலன்சரை இன்றே கழற்றி, அறுத்துப் பாருங்கள். எங்களுக்கும் இதேதான் நடந்தது. ஒரு பட்டறையில் சொல்லிச் செய்து வாங்கிய சைலன்சர். வெளிக்கூடு 304 ரக எஸ்.எஸ். (துருப்பிடிக்காத எஃகு), உள்ளே துளையிட்ட குழாய், அதைச் சுற்றிக் கண்ணாடி நார். மாலையில் ஓட்டிக்கொண்டிருந்தபோது ஓசை சட்டென்று அடித்தொண்டைக்கு இறங்கியது. த்ராட்டிலை முழுவதும் திறந்தும் வேகம் ஏறவில்லை. ஆறிய பிறகு நீளவாக்கில் அறுத்துப் பிளந்தோம். கண்ணாடி நாரில் பாதி உருகிப் பாகுபோல அடியில் உறைந்திருந்தது. மீதி பறந்து போயிருந்தது. துளையிட்ட குழாய் பொரித்த அப்பளம்போல நெளிந்து, விரலால் அழுத்தினால் உதிர்ந்தது. அதிலிருந்து பெயர்ந்த உள்ளங்கை அளவுத் தகடு ஒன்று, வெளியேறும் வாயைக் கதவுபோல மூடிக்கொண்டிருந்தது.

ஓடுபாதையின் முடிவில், தென்னை உச்சி உயரத்தில், அந்தத் தகடு பெயர்ந்திருந்தால் என்ன ஆகியிருக்கும் என்ற எண்ணம் அன்று இரவு முழுதும் என்னைத் தூங்கவிடவில்லை. ஆகவே நான் எல்லாருக்கும் சொல்வது இதுதான்: விமானச் சைலன்சரில் ஓசையைக் குறைப்பது இரண்டாவது வேலை, உள்ளே எது உடைந்தாலும் வாய் அடைபடாமல் இருப்பதே முதல் வேலை. பிஸ்டன் விமானங்களிலும் உள்தடுப்புகள் உடைந்து சக்தி குறைவது பழைய பிரச்சினைதான். அதற்காகவே அவற்றில் சிலவற்றின் வெளிவாயில் துண்டுகள் அடைக்காதபடி ஒரு காப்புக் கூண்டு வைப்பார்கள். வெளிக்குழாயைச் சைலன்சருக்குள் சிறிது தூரம் நீட்டி, அந்தப் பகுதியின் பக்கவாட்டிலும் பெரிய துளைகள் இடுங்கள். முன்வாயைத் தகடு மூடினாலும் வாயு பக்கத்துளைகள் வழியே போய்விடும்.

நாரை அறவே விடுங்கள். கண்ணாடி நார் இளகும் வெப்பத்துக்கு மேல்தான் நமது வாயு எப்போதும் இருக்கிறது.

கேள்வி (அதே நண்பர்): உள்குழாய் ஏன் உடைந்தது என்பதற்கு வெப்பம் மட்டும்தான் காரணமா?

பதில்: இல்லை, பற்றவைத்த முறையும் காரணம். உள்குழாயை இரு முனையிலும் இறுகப் பற்றவைத்திருந்தார்கள். உள்குழாய் 900 டிகிரியிலும் வெளிக்கூடு 500 டிகிரியிலும் இருக்கும்போது, அரை மீட்டர் நீளச் சைலன்சரில் இரண்டுக்கும் இடையே ஏறத்தாழ மூன்றரை மில்லிமீட்டர் நீள வேறுபாடு வரும். போக இடமில்லாத அந்த மூன்றரை மில்லிமீட்டர், ஒவ்வொரு முறை சூடேறி ஆறும்போதும் பற்றவைத்த இடத்தை இழுத்துக் கிழிக்கிறது. ஒரு முனையை மட்டும் பற்றவைத்து, மறுமுனையை ஒரு வளையத்துக்குள் தளர்வாக நழுவவிடுங்கள். எஞ்சினுக்கும் சைலன்சருக்கும் இடையிலும் இதே விதிதான்: நழுவும் இணைப்போ, ஸ்பிரிங் வைத்த உருண்டை இணைப்போ இருக்க வேண்டும். சைலன்சரின் பாரத்தை எஞ்சினே சுமக்க வேண்டும்; ஒரு முனையை எஞ்சினிலும் மறுமுனையை விமான உடலிலும் கட்டினால், எஞ்சின் குலுங்கும்போதெல்லாம் குழாய் முறுக்கப்படும்.

கேள்வி (கோபாலபுரம்): எந்த உலோகத்தில் செய்வது, ஐயா? கோவையில் 304 குழாய் எளிதாகக் கிடைக்கிறது.

பதில்: சாதாரண இரும்பை மறந்துவிடுங்கள், 550 டிகிரிக்கு மேல் அது செதில் செதிலாக உரியத் தொடங்கும். 304 எஸ்.எஸ். விட்டுவிட்டுச் சூடேறும் வேலைக்கு 870 டிகிரி வரைதான் ஏற்றது. அதில் இன்னொரு குறையும் உண்டு: ஏறத்தாழ 425 முதல் 860 டிகிரி வரையிலான வெப்பத்தில் நெடுநேரம் இருந்தால், அதிலுள்ள குரோமியம் கார்பனோடு சேர்ந்து படிக எல்லைகளில் ஒதுங்கிவிடுகிறது, பற்றவைத்த இடத்துக்குப் பக்கத்தில் விரிசல் ஓடுவதற்கு இது வழி செய்கிறது. 321 எஸ்.எஸ்ஸில் டைட்டானியம் சேர்த்திருப்பதால் அந்தக் குறை பெரிதும் நீங்குகிறது. நான் பரிந்துரைப்பது இதுதான்: எஞ்சினிலிருந்து வரும் குழாய்க்கும் வெளிக்கூட்டுக்கும் 1.6 மில்லிமீட்டர் தடிப்புள்ள 321. நேரடியாக அறை வாங்கும் உள்குழாய்க்கு மட்டும் இன்கோனல் 625 என்ற நிக்கல் கலப்புலோகம். இன்கோனலின் விலை கண்ணைக் கட்டும் என்பது உண்மை. ஆனால் தேவைப்படுவது அரை மீட்டருக்கும் குறைவான ஒரு துண்டுதான். புரொப்பெல்லருக்குக் கொடுக்கும் பணத்தோடு ஒப்பிட்டால் இதில் கஞ்சம் பிடிக்க நியாயமே இல்லை. எடை பற்றிக் கவலைப்படுவோருக்கு: 50 மில்லிமீட்டர் குழாய் இந்தத் தடிப்பில் மீட்டருக்கு ஏறத்தாழ 2 கிலோ வரும்.

கேள்வி (வேலந்தாவளம், லேத் பட்டறை நடத்தும் சகோதரி): ஐயா, ஆர்கான் வெல்டிங் நாங்களே செய்கிறோம். இதற்கென்று தனியாகக் கவனிக்க வேண்டியது ஏதும் உண்டா?

பதில்: மூன்று உண்டு, அம்மா. முதலாவது, குழாயின் இரு வாயையும் அடைத்து உள்ளேயும் ஆர்கான் விடுங்கள். விடாவிட்டால் உட்புறத்தில் சர்க்கரைபோலப் பொருபொருவென்று கருத்த உலோகம் படியும். விரிசல் தொடங்குவது அங்கேதான். இரண்டாவது, 321 குழாய்க்கு 347 ரக வெல்டிங் கம்பியைப் பயன்படுத்துங்கள். மூன்றாவது பலருக்குத் தெரியாதது: குழாயில் அளவு குறிக்கப் பென்சிலைத் தொடவே கூடாது. பென்சில் கோட்டில் உள்ள கார்பன், சூடேறும்போது உலோகத்துக்குள் இறங்கி, கோடு போட்ட இடத்திலேயே விரிசல் விழும். துத்தநாகம் பூசிய கருவிகளாலும் கம்பி பிரஷ்ஷாலும் தேய்ப்பதும் அதே தீங்கைச் செய்யும். உங்கள் பட்டறையில் ஜி.ஐ. (துத்தநாகம் பூசிய இரும்பு) வேலையும் நடக்குமென்றால் இதற்கென ஒரு எஸ்.எஸ். பிரஷ்ஷைத் தனியே வைத்துக்கொள்ளுங்கள்.

கேள்வி (மீனாட்சிபுரம்): இப்போது பெட்ரோல் பங்க்குகளில் கிடைக்கும், 20 விழுக்காடு எத்தனால் கலந்த இ20 பெட்ரோலுக்கு மாறிய பிறகு, எங்கள் எஞ்சினில் புகைவாயுவின் வெப்பம் கூடிவிட்டது. எத்தனால் குளிர்ச்சியாக எரியும் என்றுதானே சொல்கிறார்கள்?

பதில்: எத்தனால் ஆவியாகும்போது குளிர்ச்சி தரும் என்பது சரிதான். ஆனால் உங்கள் எஞ்சின் கம்ப்யூட்டருக்கு எரிபொருள் மாறியது தெரியாது. பெட்ரோலை முழுதாக எரிக்க எடைக்கணக்கில் 14.7 பங்கு காற்று வேண்டும். இ20-க்கு ஏறத்தாழ 13.5 போதும். பழைய அளவிலேயே எரிபொருளைப் பீய்ச்சினால் கலவை ஏறத்தாழ 8 விழுக்காடு மெலிந்துவிடும். எரிபொருள் மிகுந்த கலவையில் ஓடிக்கொண்டிருந்த எஞ்சினை இப்படி மெலியவிட்டால் வெப்பம் ஏறத்தான் செய்யும். கம்ப்யூட்டரில் உள்ள எரிபொருள் அட்டவணையை அதே அளவு உயர்த்துங்கள். ரப்பர் குழாய்கள் எத்தனாலுக்கு ஏற்றவைதாமா என்றும் பாருங்கள். சைலன்சருக்குப் பக்கத்தில் கசியும் பெட்ரோல் குழாயைவிடப் பெரிய ஆபத்து வேறில்லை.

கலவை சரியாக இருந்தும் வெப்பம் ஏறினால் அடுத்ததாகத் தீப்பொறியைச் சோதியுங்கள். இந்த எஞ்சினில் ஒவ்வொரு ரோட்டருக்கும் இரண்டு பிளக். முந்தும் பிளக் செத்துப் பிந்தும் பிளக் மட்டும் வேலை செய்தால், தீ தாமதமாகப் பிடித்துப் புகைக்குழாய் வரை எரிந்துகொண்டே வரும். எஞ்சின் ஓடிக்கொண்டுதான் இருக்கும். வெப்பமானி மட்டுமே உண்மையைச் சொல்லும். ஆகவே ஒவ்வொரு ரோட்டருக்கும் தனித்தனியே கே வகை வெப்பமானி வையுங்கள்.

கேள்வி (கோவிந்தாபுரம்): குழாய் முழுவதும் வெப்பத்துணி சுற்றிவிட்டால் கவுலிங்குக்குள் (எஞ்சினை மூடும் கூடு) சூடு குறையுமே?

பதில்: குறையும், ஆனால் அந்தச் சூடு குழாயிலேயே தங்கி, உலோகத்தை இன்னும் காய்ச்சும். நம் பக்கத்து மழைக்காலத்தில் துணி ஈரத்தையும் பிடித்து வைக்கும். எல்லாவற்றையும்விட, விரிசல் கண்ணுக்குத் தெரியாமல் போய்விடும். துணியைச் சுற்றாமல், குழாய்க்கும் தகட்டுக்கும் இடையே விரலளவு காற்று ஓடும்படி பளபளப்பான எஸ்.எஸ். தகடு ஒன்றை மறைப்பாக நிறுத்துங்கள். வெப்பக் கதிர்வீச்சு வெப்பநிலையின் நான்காம் அடுக்கில் பெருகுவதால், 900 டிகிரிக் குழாய் 600 டிகிரிக் குழாயைவிட மூன்று மடங்குக்கும் மேல் வெப்பத்தை வீசும். அறை வெப்பத்தில் இறுகிய இப்பாக்ஸி கவுலிங் 60 முதல் 90 டிகிரிக்குள்ளேயே இளகத் தொடங்கிவிடும்.

எஞ்சினை நிறுத்திய பிறகுதான் கவுலிங் அதிகம் வாடுகிறது என்பதையும் நினைவில் வையுங்கள். காற்றோட்டம் நின்ற பின் குழாயின் சூடெல்லாம் மேலே எழும். நாங்கள் நிறுத்தியதும் மேல் மூடியைத் திறந்துவிட்டு, எஞ்சினின் முகத்தைக் காற்றுக்கு எதிரே திருப்பி வைக்கிறோம். பாலக்காட்டுக் கணவாயில் அதற்குக் காற்றுப் பஞ்சமில்லை.

கேள்வி (கஞ்சிக்கோடு): மஸ்டாவின் பிற்கால ரோட்டரியான ரெனிசிஸ் எஞ்சினில் ஓசை குறைவு என்கிறார்களே?

பதில்: ஆம். அதில் புகைத்துளை பக்கவாட்டில் இருப்பதால் அறைச்சல் தணிவு. ஆனால் நடுத்துளையை இரண்டு ரோட்டர்களும் பகிர்ந்துகொள்வதால், அந்தக் குழாய்க்கு இளைப்பாற நேரமே கிடைப்பதில்லை. நடுக்குழாயை மற்ற இரண்டையும்விட உறுதியாகச் செய்யுங்கள்.

கேள்வி (கொல்லங்கோடு): சைலன்சரைச் சுற்றிக் கூடு கட்டி, அந்தச் சூடான காற்றை விமானியின் அறைக்குக் கொண்டுவரலாமா? மலைமேல் பறக்கும்போது குளிருமே.

பதில்: வேண்டாம். ஒரு மயிரிழை விரிசல் போதும், கார்பன் மோனாக்சைடு நேரே உங்கள் முகத்துக்கு வந்துவிடும். அதற்கு மணமும் இல்லை, நிறமும் இல்லை. கம்பளி அணிந்துகொள்ளுங்கள்.

கேள்வி (பொள்ளாச்சி நண்பர் மீண்டும்): அறுக்காமலேயே உள்ளே உடைந்திருப்பதைக் கண்டுபிடிக்க வழி உண்டா?

பதில்: உண்டு. சைலன்சருக்கு முன்னால் குழாயில் சிறு துளையிட்டு, ஒரு மீட்டர் நீளச் செம்புக் குழாயைச் சுருளாக வளைத்து இணைத்து, அதன் மறுமுனையில் ஒளி ஊடுருவும் பிளாஸ்டிக் குழாயை 'ப' எழுத்தைப்போல ஆளுயரத்துக்கு வளைத்து மாட்டிப் பாதியளவு தண்ணீர் ஊற்றுங்கள். இரு பக்கத் தண்ணீர் மட்டத்துக்கும் உள்ள வேறுபாடுதான் எதிர் அழுத்தம். 70 சென்டிமீட்டர் என்றால் ஏறத்தாழ 1 பி.எஸ்.ஐ. புதிய சைலன்சரில் 3,000, 4,000, 5,000 ஆர்.பி.எம்மில் வரும் அளவுகளை நோட்டில் எழுதி வையுங்கள். பின்னாளில் அதே வேகத்தில் இந்த வேறுபாடு கூடினால் உள்ளே அடைப்பு. குறைந்தால் உட்பகுதி உதிர்ந்து வெளியே போய்விட்டது. கூடவே, பத்து மணி நேர ஓட்டத்துக்கு ஒருமுறை, ஆறிய சைலன்சரைக் கழற்றிக் காதருகே வைத்துக் குலுக்குங்கள். பிறகு வாக்குவம் கிளீனரின் ஊதும் பக்கத்தை ஒரு வாயில் பொருத்தி, மறுவாயை அடைத்து, பற்றவைத்த இடங்களில் எல்லாம் சோப்பு நுரை தடவுங்கள். எங்கள் இரண்டாவது சைலன்சரில், கண்ணுக்குத் தென்படாத ஒரு விரிசலில் கடுகளவுக் குமிழிகள் வரிசையாக எழுந்தன. அன்றே அதை எடுத்துவிட்டு மூன்றாவதைச் செய்யத் தொடங்கினோம்.