உபதேசியார் மகனின் பட்டியல்

கேள்வி

ஆலோசகர் அம்மாவுக்கு வணக்கம்.

எனக்கு 49 வயது. பொறையாறு பக்கத்தில் ஒரு கிராமம். கூட்டுறவுச் சங்கத்தில் எழுத்தர் வேலை. மூத்தவள் கல்லூரிக்குப் போகிறாள். இந்த வயதில் பாட்டுக்காக நண்பனோடு சண்டை போட்டுவிட்டு வந்தேன் என்று எழுதவே கூச்சமாக இருக்கிறது. ஆனால் நாலு மாதமாக மனசு அரித்துக்கொண்டே இருக்கிறது.

பெட்ரா என்று ஒரு அமெரிக்கக் குழு. கிறிஸ்தவப் பாட்டை ராக் இசையில் பாடுகிறவர்கள். 1972-இல் இண்டியானா மாநிலத்தில் ஃபோர்ட் வேன் என்ற ஊரில் கிதார்காரர் பாப் ஹார்ட்மன் தொடங்கியது. கிரேக்கத்தில் பெட்ரா என்றால் பாறை. பெயரிலேயே ராக்கை வைத்துவிட்டார்கள். நான் பத்தாவது படிக்கும்போது என் நண்பன்தான் அறிமுகப்படுத்தினான். அவன் தஞ்சாவூரில் ஹாஸ்டலில் இருந்தான். அங்கே ஒரு அண்ணனுக்கு வளைகுடாவிலிருந்து கேசட் வரும். அதை வெற்றுக் கேசட்டில் ஏற்றி, லீவுக்கு வரும்போது எனக்குக் கொண்டுவந்து தருவான்.

என் அப்பா உபதேசியார், கிராமத்துச் சபையில் ஜெபம் நடத்துகிறவர். ஹார்மோனியம் வாசிப்பார். தஞ்சாவூர்க் கிறிஸ்தவக் கவிஞர் வேதநாயக சாஸ்திரியார் கீர்த்தனை என்றால் உயிர். ஜெர்மனியிலிருந்து வந்த ஞானப்பாட்டையே 'இழுவை' என்பார். ராக் என்றால் பேய்ச் சத்தம். அந்த ரிக்கார்டுகளைத் திருப்பி ஓடவிட்டால் சாத்தானுடைய வார்த்தை கேட்கும் என்று ஒரு கன்வென்ஷனில் யாரோ பிரசங்கித்ததை அப்படியே நம்பினார். அதனால் நான் கேட்டதெல்லாம் ராத்திரி, பின்கட்டில். பிளக் பாயின்ட் அப்பா படுக்கும் கூடத்தில்தான் இருந்தது. அவருடைய நாலு கட்டை டார்ச்சிலிருந்து பேட்டரியைக் கழற்றி டேப் ரெக்கார்டரில் போட்டுக்கொள்வேன். வால்யூமை ஒன்றில் வைத்து, மேலே துண்டைப் போர்த்தி, அதன்மேல் காதை வைத்துப் படுத்துக்கொள்வேன். விடியுமுன் கட்டைகளைத் திரும்ப டார்ச்சில் போட்டுவிடுவேன். டார்ச் சீக்கிரம் மங்கிப்போகும். கடைக்காரன் டூப்ளிகேட் கட்டை கொடுக்கிறான் என்று அப்பா திட்டுவார், பத்து நாளைக்கு ஒருதரம் புதிதாக வாங்கிப் போடுவார். அவர் நித்திரையடைந்து ஆறு வருடம் ஆகிறது.

இப்போது சண்டைக்கு வருகிறேன். வருஷா வருஷம் டிசம்பர் 27 சாயங்காலம் நானும் ஹாஸ்டல்காரனும் வேளாங்கண்ணிக்கார நண்பன் ஒருவனும் தரங்கம்பாடியில் டேனிஷ் கோட்டை அருகே கடலைப் பார்த்து உட்காருவோம். ஒரு ஆல்பத்துக்கு ஒரே ஒரு பாட்டு. ஆளுக்கொரு தாளில் எழுதி மடித்து வைத்து, ஒவ்வொன்றாக வாசிக்க வேண்டும். மேடையில் பதிவு செய்தது கணக்கில் சேராது. 1974-இல் வந்த முதல் ஆல்பத்திலிருந்து 2003-இல் வந்த 'ஜெகில் அண்ட் ஹைட்' வரை ஓடும். எண்பதுகளின் நடுவரை பாடிய கிரெக் வோல்ஸ் பெரியவரா, 1986 ஆல்பத்திலிருந்து பாடிய ஜான் ஷ்லிட் பெரியவரா என்பதிலேயே அரை மணி நேரம் போகும். அதெல்லாம் சிரித்துக்கொண்டே போடுகிற சண்டை.

இந்தத் தடவை 1982-இல் வந்த 'மோர் பவர் டு யா'வுக்கு நான் 'ரோட் டு சயான்' எழுதியிருந்தேன், ஹாஸ்டல்காரன் 'ஜூடாஸ் கிஸ்'. 1987-இன் 'திஸ் மீன்ஸ் வார்' ஆல்பத்துக்கு நான் 'டோன்ட் லெட் யுவர் ஹார்ட் பி ஹார்டன்ட்', அவன் ஆல்பத்தின் பெயரிலேயே உள்ள பாட்டு. 1990-இன் 'பியாண்ட் பிலீஃப்' வந்தபோது நான் கடைசிப் பாட்டான 'பிரேயர்' என்றேன், அவன் 'கிரீட்' என்றான். என் தாளைப் பிடுங்கி முழுசாகப் படித்துவிட்டுச் சிரித்தான். "எல்லாம் தாலாட்டு. டிரம்ஸ் ஒழுங்கா அடிச்ச பாட்டு ஒண்ணுகூட இல்ல. இது உன் லிஸ்ட் இல்லடா, உங்கப்பா லிஸ்ட்."

தாளை வாங்கிக் கிழித்து எறிந்தேன். காற்றில் பாதி என் சட்டையிலேயே வந்து ஒட்டிக்கொண்டது. ஒன்றும் பேசாமல் வண்டியை எடுத்துக்கொண்டு வந்துவிட்டேன். அப்புறம் இன்றுவரை பேச்சில்லை.

வீட்டுக்கு வந்து யோசித்தால் அவன் சொன்னது சரிதான். மெதுவான பாட்டு, ஜெபம் மாதிரி உள்ள பாட்டு, அப்பா கேட்டிருந்தால் பொறுத்துக்கொண்டிருப்பாரே என்று தோன்றும் பாட்டு. அப்படியானால் முப்பது வருடமாக ராக் ரசிகன் என்று நான் போட்டது வேஷமா? முதலில் நான் போய்ப் பேச வேண்டுமா, அவன்தானே பேச வேண்டும்?

பொறையாறு வாசகர்

பதில்

அன்புள்ள நண்பருக்கு,

எங்கள் தொழிலில் ஒரு சுலபமான வழி உண்டு. "உங்கள் பிரச்சினை பாட்டே இல்லை, அதற்கு அடியில் வேறு ஏதோ இருக்கிறது" என்று தொடங்கிவிடலாம். நானும் அப்படித்தான் தொடங்க நினைத்தேன். ஆனால் அதற்கு முன்னால் பாட்டைக் கேட்டுவிடுவோம் என்று நீங்கள் எழுதிய மூன்று ஆல்பங்களையும் செல்போனில் போட்டேன். எனக்குப் பழக்கமில்லாத இசை. மணி பத்தரை, பக்கத்து அறையில் மாமியார் தூங்குகிறார், கும்பகோணத்தில் எங்கள் தெருவில் வீட்டுக்கு வீடு ஒட்டுச் சுவர். முதல் பாட்டின் முதல் அடிக்கே பதறிப்போய் வால்யூமைக் கடைசிவரை இறக்கினேன்.

உடனே டிரம்ஸ் காணாமல் போய்விட்டது. பாடுகிறவர் மட்டும் நின்றார்.

அப்போதுதான் உங்கள் துண்டு ஞாபகம் வந்தது. நீங்கள் போகிற போக்கில் எழுதிவிட்டுப் போன வரி அது. சத்தத்தைக் குறைத்தால் எல்லா ஒலியும் ஒரே அளவில் குறையும் என்று நினைக்கிறோம், அப்படி இல்லை. தாழ்ந்த ஒலிகள்தான் முதலில் காதைவிட்டுப் போகும். 1933-இலேயே அமெரிக்காவில் ஃப்ளெட்சர், மன்சன் என்ற இருவர் இதை அளந்து காட்டிவிட்டார்கள். பேஸ் கிதாரும் பெரிய டிரம்மும் அந்தத் தாழ்ந்த பகுதியில் இருப்பவை. மனிதக் குரல் நடுவில் இருக்கிறது, அது தப்பித்துக்கொள்ளும். டிரம்ஸோடு அடிக்கும் சிம்பல் தட்டு மாதிரி கூர்மையான சத்தம் மிச்சமிருந்தால் அதைத் துண்டு குடித்துவிடும். ஆக, பின்கட்டில் உங்கள் காதுக்கு வந்து சேர்ந்தது ஒரு குரலும் சில வார்த்தைகளும்தான். அந்த நிலைமையில் 'திஸ் மீன்ஸ் வார்' என்ன ஆகும்? பக்கத்து ஊர்த் திருவிழா ஒலிபெருக்கி மாதிரி கசங்கிக் கேட்கும். 'ரோட் டு சயான்' முழுசாக வந்து சேரும்.

உங்கள் நண்பர் ஹாஸ்டலில் கேட்டார். இருபது பேர் கூடி, தரை அதிர. 'ஜூடாஸ் கிஸ்' தொடக்கத்தில் திருப்பிப் பதிந்த பேச்சு ஒன்று வருகிறதல்லவா? அதை நேராக்கிக் கேட்டால், கர்த்தரைத் தேட வேண்டிய நேரத்தில் பிசாசை ஏன் தேடிக்கொண்டிருக்கிறாய் என்ற அர்த்தம் வரும். உங்கள் அப்பா நம்பிய அதே பிரசங்கத்தைக் கிண்டல் செய்யத்தான் வைத்திருக்கிறார்கள். ஹாஸ்டலில் அதை எத்தனை தடவை போட்டுப் போட்டுச் சிரித்திருப்பார்கள்! கேசட்டைப் பிரித்து நாடாவைத் திருப்பிச் சுற்றி, அறுத்தும் இருப்பார்கள். கூட்டமாகக் கேட்டவருக்கு அது தலைசிறந்த பாட்டு. துண்டுக்கு மேல் காது வைத்தவருக்கு அதன் தொடக்கம் வெறும் முனகல்.

நீங்கள் இருவரும் ஒரே கேசட்டைக் கேட்டீர்கள், ஒரே ஆல்பத்தைக் கேட்கவில்லை. எது வேஷம்? அடிக்கடி எதிர்ப்படுவது நமக்குப் பிடித்துப்போகும் என்று 1968-இல் ராபர்ட் ஸாயன்ஸ் என்ற உளவியலாளர் சோதனை செய்து எழுதினார். உங்கள் காதில் இரவுக்கு இரவு எதிர்ப்பட்டவை அந்தப் பாட்டுகள், அதனால் பிடித்தன. பதின்வயதில் பதிந்தது முதுமைவரை கூடவே வரும் என்பதும் நினைவாற்றலை ஆராய்பவர்கள் திரும்பத் திரும்பக் கண்டதுதான். வால்யூமை ஏற்றும் வசதி வந்த பிறகும் நீங்கள் அந்தப் பாட்டுகளிடமே போகிறீர்கள் என்றால் அதில் ஒரு பொய்யும் இல்லை.

இன்னொன்று, கொஞ்சம் வேடிக்கையானது. 'பியாண்ட் பிலீஃப்' ஆல்பத்துக்கு உங்கள் நண்பர் தேர்ந்தெடுத்தது 'கிரீட்'. வார்த்தையைக் கவனித்தீர்களா? அது அப்போஸ்தலர் விசுவாசப் பிரமாணம். உங்கள் அப்பா ஞாயிற்றுக்கிழமைதோறும் சபையை எழுப்பி நிறுத்திச் சொல்லவைத்தது. உபதேசியார் மகன் நீங்கள், ஆனால் உபதேசியாரின் பாடத்தைத் தாளில் எழுதியவர் அவர்! இதை அவரிடம் சண்டைக்குரிய ஆதாரமாகக் கொண்டுபோகாதீர்கள். சிரிப்பதற்குக் கொண்டுபோங்கள்.

அப்புறம் ஏன் அவ்வளவு கோபம் வந்தது? உங்கள் வீட்டில் எல்லாம் அப்பாவுடையது. ஹார்மோனியம், கூடம், பிளக் பாயின்ட், டார்ச். அவருக்குத் தெரியாமல் உங்களுடையது என்று நீங்கள் வைத்திருந்தது அந்தப் பாட்டு ஒன்றுதான். நண்பர் அதையும் எடுத்து அவர் கையில் கொடுத்துவிட்டார். வேறு எந்தக் கிண்டலாக இருந்தாலும் நீங்கள் திருப்பிக் கிண்டல் செய்திருப்பீர்கள். இதைச் சொன்னபோது அப்பா உயிரோடு இல்லை, அவரிடம் போய் "எனக்கு இது பிடிக்கும்" என்று சண்டை போட்டுத் தீர்க்கவும் முடியாது. கையில் கிடைத்தது தாள்தான்.

ஆனால் உங்கள் கடிதத்தில் என்னை உறுத்திய இடம் டார்ச். நாலு கட்டை டார்ச்சை வைத்துக்கொண்டு வயல் வரப்பில் ஜெபக்கூட்டத்துக்குப் போய்வந்த மனிதர். பாம்பு பூச்சி உள்ள பாதை. பத்து நாளைக்கு ஒருதரம் கட்டை தீர்ந்துபோகிறது. ஒருதரம் இரண்டுதரம் கடைக்காரரைச் சந்தேகப்படலாம். வருடக்கணக்காகவா? அதே கடையில் அவர் ஏன் திரும்பத் திரும்ப வாங்கினார்? உங்கள் ஒரு வீட்டில் மட்டும் டார்ச் அப்படிக் கட்டையைத் தின்கிறதே என்று அவருக்குத் தோன்றியே இருக்காதா?

எனக்குத் தெரியாது. தெரிந்தும் விட்டுவிட்டார் என்று சொல்லி உங்களை ஆறுதல்படுத்துவது என் வேலை இல்லை. அம்மா இருக்கிறார்களா என்று நீங்கள் எழுதவில்லை. இருந்தால் ஒருநாள் காபி குடிக்கும்போது பேச்சோடு பேச்சாகக் கேளுங்கள். "அவருக்கு ஒரு எழவும் தெரியாதுடா" என்று அவர்கள் சொல்லிவிட்டாலும் சரிதான். அந்தத் திருட்டு முழுக்க உங்களுடையதாகவே இருந்துவிட்டுப் போகட்டும்.

யார் முதலில் பேசுவது என்று கேட்டிருந்தீர்கள். அவர் சொன்னது அளவுக்கு மீறிய சொல். போன மனிதரை இழுத்திருக்க வேண்டாம். ஆனால் அவருக்குத் துண்டு விஷயம் தெரியுமா? எனக்கென்னவோ தெரியாது என்றுதான் தோன்றுகிறது. ஒளித்துக் கேட்டேன் என்று ஹாஸ்டல் நண்பனிடம் சொல்லும் வயதா அது? தெரியாமல் சொன்னவருக்கு நாலு மாதம் தண்டனை கொடுத்துவிட்டீர்கள், போதும். நீங்களே முதலில் பேசுங்கள். "நீ அப்படிச் சொல்லியிருக்கக் கூடாது" என்று தொடங்கினால் அவர் பதில் தேடத் தொடங்குவார், பஞ்சாயத்து நீளும். வேளாங்கண்ணிக்காரரைத் தூது அனுப்புவதும் வேண்டாம், அவர் எழுதிய பட்டியல் என்ன ஆயிற்று என்றே நீங்கள் சொல்லவில்லை, பாவம். நேரில் போய், ஹாஸ்டலில் அந்தக் கேசட் முதல்நாள் ஓடியபோது எப்படி இருந்தது என்று கேளுங்கள். அவர் கதை முடிந்த பிறகு உங்கள் பின்கட்டைச் சொல்லுங்கள். அப்பா லிஸ்ட் என்று அவர் சொன்னது எங்கே குத்தியது என்பதையும் ஒரே வாக்கியத்தில் சொல்லிவிடுங்கள். விழுங்கினால் அடுத்த டிசம்பரில் வேறு ஏதாவது பாட்டில் வெளியே வரும்.

அதற்கு முன் ஒரு காரியம். ஒருநாள் வீட்டில் யாரும் இல்லாத நேரம் பார்த்து 'திஸ் மீன்ஸ் வார்' பாட்டை நல்ல சத்தமாகப் போட்டுக் கேளுங்கள். பிடிக்காவிட்டால் பிடிக்காது, பட்டியலை மாற்ற வேண்டியதில்லை. பிறகு நண்பர் வீட்டுக்கு வரும்போது 'பிரேயர்' பாட்டை அவருக்குப் போட்டுக் காட்டுங்கள். பழைய டேப் ரெக்கார்டர் இருக்கிறதோ இல்லையோ, செல்போனே போதும். வால்யூம் ஒன்றில். துண்டு உங்கள் வீட்டில் இருக்குமே.